அத்துவானக் காட்டுக்கு எந்தப் பக்கம் போகணும்?

எங்கேயோ ஒரு கோடியில் கிடக்கும் இடத்தைச் சொல்ல மக்கள் வாயில் புழங்கும் சொற்களைப் பற்றி வந்த கேள்விகளை இந்த இதழில் சேர்த்துத் தந்திருக்கிறோம்.

'தண்ணியில்லாக் காடு', 'அத்துவானக் காடு', 'பொட்டல்', 'பட்டிக்காடு' எல்லாம் ஒன்றுதானே? எழுதும்போது மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்ளலாமா?

கூடாது. நாலும் நாலு வேலை பார்ப்பவை.

தண்ணியில்லாக் காட்டுக்கு யாரும் தானாகப் போவதில்லை, யாராவது அனுப்புவார்கள். 'தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திடுவேன்' என்று மேலதிகாரி மிரட்டுவார். 'பொண்ணைக் கொண்டுபோய்த் தண்ணியில்லாக் காட்டுல தள்ளிட்டாங்களே' என்று அத்தை புலம்புவார். அனுப்புகிறவர், போகிறவர் இருவரும் பேச்சில் இருந்தால்தான் இந்தச் சொல் உட்காரும். சுற்றுலா போய் வந்தவர், 'ஒரு தண்ணியில்லாக் காட்டைப் பார்த்துட்டு வந்தேன்' என்றால் காதுக்கு ஒட்டாது.

அரசு ஊழியர் பேச்சில் நெடுங்காலம் இந்தப் பட்டம் ராமநாதபுரத்தின் தலையில்தான் விழுந்தது. அதே மாவட்டத்தில்தான் ஆர்.எஸ்.மங்கலம் பெரிய கண்மாய் இருக்கிறது. 'நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை' என்பார்கள்: ஒரே மூச்சில் குறுக்கே பறக்க நாரையாலும் முடியாதாம், அவ்வளவு அகலம். கண்மாய்க்குப் பஞ்சமில்லாத மாவட்டம் அது. மழை பொய்த்தால் கண்மாய் காயும். வைகையின் கடைமடை என்பதால் ஆற்றுத் தண்ணீரும் கடைசியில்தான் வந்து சேரும். பட்டம் வந்த வழி அது.

அத்துவானக் காடு என்றால் குறை தண்ணீரில் இல்லை, ஆளில்லாததில். பேசுகிறவரே மாட்டிக்கொண்டிருப்பார், கொஞ்சம் பயமும் கலந்திருக்கும். 'அத்துவானக் காட்டுல பஸ்ஸை நிறுத்தி இறக்கி விட்டுட்டான்.' சுற்றிலும் பச்சைப் பசேலென்று வயல் இருந்தாலும், கூப்பிட்டால் குரல் கொடுக்க ஆளில்லை என்றால் அது அத்துவானம்தான்.

பொட்டல் வெறும் நில வர்ணனை. மரமில்லை, மறைப்பில்லை, அவ்வளவே. ஊர் நடுவே பிள்ளைகள் பந்தாடும் வெட்டவெளியும் பொட்டல்தான். தொலைவைச் சொல்ல வேண்டுமானால் கூட இன்னொரு சொல் வேண்டும்.

பட்டிக்காட்டில் ஆட்கள் இருக்கிறார்கள். சொல்கிறவரின் குறையே அந்த ஆட்களைப் பற்றியதுதான். அதனால்தான் இந்த நாலில் இது ஒன்று மட்டும் மனிதர் மேலும் ஏறிக்கொள்கிறது. 'பட்டிக்காட்டான்' என்று திட்டலாம். 'அத்துவானக்காட்டான்' என்று யாரும் திட்டுவதில்லை. கதையில் ஒரு பாத்திரம் இந்தச் சொல்லை எடுத்தால், வாசகர் அந்தப் பாத்திரத்தின் தலைக்கனத்தையும் சேர்த்தே படிப்பார். வர்ணனைக்கென்று அலட்சியமாகப் போட்டுவிட வேண்டாம்.

'ஈ காக்கா இல்லை' என்பதை இந்தக் கூட்டத்தில் சேர்ப்பதே தவறு. அது அந்த நேரத்துக் காலியைத்தான் சொல்கிறது. நகரின் நடுவில் இருக்கும் தியேட்டரிலும் காலைக் காட்சிக்கு ஈ காக்கா இல்லாமல் இருக்கலாம்.

ஆங்கிலப் படங்களுக்குத் தமிழில் சப்டைட்டில் எழுதுகிறேன். 'மிடில் ஆஃப் நோவேர்' வரும்போதெல்லாம் திணறுகிறேன். பொருத்தமான ஒரே தமிழ்ச் சொல் எது?

ஒரே சொல் கிடைக்காது. தேடுவதை விட்டுவிடுங்கள். அந்தத் தொடர் பல வேலை பார்க்கிறது. நீங்கள் பிரித்துத்தான் கொடுக்க வேண்டும். முதலில், பாத்திரம் எதை நினைத்து எரிச்சல்படுகிறது என்று பாருங்கள்.

வண்டி நின்றுவிட்டது, உதவி இல்லை என்றால்: 'இந்த அத்துவானக் காட்டுல யாரைக் கூப்பிடுறது?'

திடீரென்று ஒரு கட்டடமோ ஆளோ எதிர்ப்பட்டு வியப்பு என்றால்: 'ஆள் அரவமே இல்லாத இடத்துல இப்படி ஒரு ஹோட்டலா!' இங்கே 'அத்துவானக் காடு' போட்டால் வியப்பு போய்ப் புகார் வந்துவிடும்.

வீடு தூரம், போய்வரச் சலிப்பு என்றால்: 'ஊருக்கு வெளியே எங்கேயோ ஒரு மூலையில வீடு.' இந்த இடத்தில் 'எங்கேயோ' என்ற ஒரு சொல்லே முக்கால் பங்கு வேலையைச் செய்துவிடும். உச்சரிப்பில் அந்த 'கே'யை இழுக்கிற இழுப்பில்தான் தூரம் இருக்கிறது. எழுத்தில் அந்த இழுப்பைக் காட்ட 'எங்க்க்கேயோ' என்றெல்லாம் எழுதிக் கண்ணை உறுத்தாதீர்கள். 'எங்கேயோ இருக்கு' என்று வாக்கியத்தைச் சட்டென்று முடித்தால் போதும்.

வேலை காரணமாகத் தூக்கியடிக்கப்பட்டவர் பேசினால் தண்ணியில்லாக் காடு. ஒருவரை விட்டு ஓடிப்போக நினைப்பவர் பேசினால் 'கண்காணாத இடம்'. இரண்டையும் இடம் மாற்றினால் காட்சியே திரும்பிவிடும். முதலாவது தண்டனை, இரண்டாவது விடுதலை.

அடிக்கடி நடக்கும் பிழைகள் மூன்று. 'எங்குமில்லாததின் நடுவில்' என்று சொல்லுக்குச் சொல் போடுவது. அது தத்துவம் பேசுகிற மாதிரி ஆகிவிடும். 'இன் தி ஸ்டிக்ஸ்' என்றால் பட்டிக்காட்டில் என்று அர்த்தம், அதைக் குச்சிகளுக்கு நடுவில் உட்கார வைப்பது. மூன்றாவது, ஆர்வக் கோளாறில் நம் ஊர்ப் பெயரைச் செருகுவது: திரையில் ஆஸ்திரேலியச் செம்மண் தெரிகிறது, கீழே 'ராமநாதபுரத்துல மாட்டிக்கிட்டோம்' என்று ஓடினால் பார்ப்பவர் படத்தை விட்டு வெளியே வந்துவிடுவார். 'பேக் ஆஃப் போர்க்' (போர்க் ஊருக்கும் அப்பால்) என்று வந்தாலும் 'எங்கேயோ காட்டுக்குள்ள' என்பதே போதும். போர்க் எங்கே இருக்கிறது என்று பாடம் நடத்த அந்த இரண்டு நொடி பத்தாது.

ஆங்கிலத்தில் 'எங்கேயோ தூரத்தில்' என்பதற்குச் சொல்லும் டிம்பக்டு உண்மையிலேயே இருக்கிறதா?

இருக்கிறது. மேற்கு ஆப்பிரிக்காவில் மாலி நாட்டில், சகாராவின் தென் விளிம்பில், நைஜர் ஆற்றுக்குக் கொஞ்சம் வடக்கே. உப்பு ஒரு பக்கமிருந்தும் தங்கம் இன்னொரு பக்கமிருந்தும் வந்து சந்தித்த வணிக நகரம். மாலிப் பேரரசர் மான்சா மூசா காலத்தில், 14ஆம் நூற்றாண்டில் கட்டிய ஜிங்கரேபெர் மண் மசூதி இன்றும் நிற்கிறது. அங்கிருந்த கையெழுத்துப் பிரதிகளின் புகழ் தனிக் கதை. 1988இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது.

அப்படிப்பட்ட ஊர் 'எங்கேயோ' என்பதற்குப் பெயரானது ஐரோப்பியர்களால் போக முடியாததால். தங்க நகரம் என்று கேள்விப்பட்டார்கள், போனவர்கள் திரும்பவில்லை. பாரிஸ் புவியியல் கழகம் போய்த் திரும்புகிறவருக்கு 10,000 பிராங்க் பரிசு அறிவித்தது. ஸ்காட்லாந்துக்காரர் கார்டன் லேயிங் 1826இல் போய்ச் சேர்ந்தார், திரும்பும் வழியில் கொல்லப்பட்டார். 1828இல் மாறுவேடத்தில் போய், உயிரோடு ஊர் திரும்பிப் பரிசு வாங்கியவர் பிரெஞ்சுக்காரர் ரெனே கையே. அவர் கண்டது மங்கிப்போன ஒரு மண் ஊர். அதற்குள் பெயர் பழமொழியாகிவிட்டது, பிறகு யார் திருத்த?

பறவை, பேய், கடவுள் என்று இந்தச் சொற்களில் ஏன் இத்தனை பேர் வந்து நிற்கிறார்கள்?

மனிதர் இல்லை என்பதைக் காட்ட வேறு யாரையாவது நிறுத்தத்தானே வேண்டும்.

பறவை வரிசை பெரியது. துருக்கியில் 'பறவை பறக்காத, வணிகக் கூட்டம் கடக்காத இடம்'. ஹங்கேரியில் 'பறவையும் போகாத இடம்'. சீனப் பேச்சுவழக்கு இன்னும் ஒரு படி இறங்கி, 'பறவைகூட எச்சமிடாத இடம்' என்கிறது; சிநேகிதர்களிடம் சொல்லலாம், மேலதிகாரியிடம் வேண்டாம். வியட்நாமியர் மட்டும் எதிர்த்திசையில் போகிறார்கள். அவர்கள் ஊரில் அது 'குரங்கு இருமி, கொக்கு கூவும் இடம்'. மனிதச் சத்தமே இல்லாததால் குரங்கின் இருமல்வரை காதில் விழுகிறது என்ற அந்தக் கணக்கு எங்களுக்கு இந்த வரிசையிலேயே மிகவும் பிடித்தது.

ஹங்கேரியரும் ஃபின்லாந்துக்காரரும் 'கடவுளின் முதுகுக்குப் பின்னால்' என்பார்கள். அவர் திரும்பிப் பார்த்தால்தான் அந்த ஊருக்கு விமோசனம். போலந்தில் 'பிசாசு இரவு வணக்கம் சொல்லும் இடம்'. ஜெர்மனியில் அதே வணக்கத்தை நரியும் முயலும் ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்கின்றன. மலாய் மொழியில் 'ஜின் பிள்ளையைக் கொண்டுபோய்ப் போடும் இடம்'. போர்ச்சுகீசியருக்கு அது 'யூதாஸ் பூட்ஸைத் தொலைத்த இடம்'. பைபிளில் யூதாசுக்குப் பூட்ஸே இல்லை என்பது வேறு விஷயம்.

ஹீப்ருவில் வழியே சொல்லிவிடுகிறார்கள்: 'உலகத்தின் முடிவு, அங்கிருந்து இடப்பக்கம்.'

ஜெர்மானியர்கள் 'மிளகு விளையும் இடத்துக்குப் போ' என்று திட்டுவார்களாமே?

ஆமாம், 16ஆம் நூற்றாண்டிலிருந்தே புழங்கும் தொடர். 'என் கண் முன்னால் நிற்காதே, தொலைந்து போ' என்று பொருள். சுவீடன் மொழியிலும் இதே தொடர் உண்டு. மிளகு விளைந்தது மலபாரில். வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக் கடற்கரையை அடைந்தது 1498இல். அதற்குமுன் ஐரோப்பியச் சமையலறைக்கு மிளகு பல கை மாறித்தான் போய்ச் சேர்ந்தது. விளையும் இடத்தைக் கண்ணால் பார்த்தவர் அங்கே அநேகமாக யாருமில்லை. ஆக, அவர்களுக்குத் தொலைந்து போக ஓர் இடம், நமக்கு மேற்குத் தொடர்ச்சி மலைச்சரிவு.

பயன்படுத்தும்போது ஒரு கவனம்: இது ஆளை விரட்டும் தொடர், இடத்தை வர்ணிக்காது. 'அவன் வீடு மிளகு விளையும் இடத்தில் இருக்கிறது' என்று ஜெர்மனில் சொன்னால் நிஜமாகவே மிளகுத் தோட்டம் என்று எடுத்துக்கொள்வார்கள். வீடு தொலைவு என்று சொல்லப் பெர்லின்காரர்களிடம் மூன்றெழுத்துச் சுருக்கம் ஒன்று இருக்கிறது: 'யோட்-வே-டே'. ரொம்பத் தூரம் வெளியே என்ற தொடரின் உள்ளூர் உச்சரிப்பிலிருந்து வந்தது. வீட்டு வாடகை பற்றிய பேச்சில் அடிக்கடி காதில் விழும்.

பட்டிக்காட்டுக்கு அமெரிக்கர்கள் சொல்லும் 'பூண்டாக்ஸ்' எங்கிருந்து வந்தது?

பிலிப்பைன்ஸிலிருந்து. தகாலோக் மொழியில் 'புண்டோக்' என்றால் மலை, அவ்வளவுதான். 1899இல் தொடங்கிய பிலிப்பைன்ஸ் போருக்குப் போன அமெரிக்கச் சிப்பாய்கள் மலைக்காட்டில் அல்லாடிவிட்டு அந்தச் சொல்லோடு ஊர் திரும்பினார்கள். வியட்நாம் போர்க் காலத்தில் அது 'பூனீஸ்' என்று சுருங்கியது.

பிரெஞ்சில் இதற்கு இணையானது 'ப்ளெட்'. அரபியில் ஊர், நாடு என்ற பொருளுள்ள சொல். வட ஆப்பிரிக்காவில் இருந்த பிரெஞ்சுப் படை அதைப் 'பட்டிக்காடு' ஆக்கிக் கொண்டுவந்தது. தெற்குத் துனிசியாவின் ததாவின் ஊரும் அதே வழியில் வந்ததுதான். தண்டனைப் படைப்பிரிவுகளை அங்கே அனுப்பியதால் பிரெஞ்சுக்காரருக்கு அது ஒரு தண்ணியில்லாக் காடு. துருக்கியருக்கு லிபியாவின் ஃபெஸான், ஒட்டோமான் காலத்து நாடுகடத்தல் இடம். ஸ்பானியர் சொல்லும் 'கொச்சின்சீனா' தென் வியட்நாம். 1858இல் தொடங்கிய படையெடுப்பில் பிரெஞ்சுப் படையோடு ஸ்பானியப் படையும் அங்கே போனது. சிப்பாயும் கைதியும் கொண்டுவந்து சேர்த்த சொற்கள் ஒரு தனி ஜாதி. தன் வீட்டை 'மலை' என்று சாதாரணமாகச் சொன்னவரின் சொல்லை வாங்கி, வசைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்துவிடுகிறார்கள்.

இந்தப் பெயர்களில் எது நிஜ ஊர், எது கட்டுக்கதை என்று கண்டுபிடிக்க வழி உண்டா?

ஒலியை மட்டும் நம்பினால் ஏமாறுவீர்கள். ஜெர்மானியர் கேலிக்கு எடுக்கும் புக்ஸ்டஹூட, ஹாம்பர்க் பக்கத்தில் இருக்கும் அசல் ஊர். ஆஸ்திரேலியாவின் போர்க், சிட்னிக்கு வடமேற்கே சுமார் 800 கி.மீ. தள்ளி, டார்லிங் ஆற்றங்கரையில் இருக்கிறது. அதற்கும் அப்பால் போனால் 'கறுப்பு அடிமரத்துக்கு அந்தப் பக்கம்' என்பார்கள். எந்த அடிமரம் என்று கேட்டால் கூலா, மெரிவாகா, பிளாக்கால் என்று பல ஊர்கள் 'எங்களுடையதுதான்' என்று கை தூக்கும். நியூசிலாந்தின் 'வைகிகமுகாவ்' மாவோரி ஊர்ப் பெயர் மாதிரியே ஒலிக்கும். ஆங்கிலத்தில் வாய்விட்டுப் படித்தால் 'பசுவை ஏன் உதைக்கிறாய்' என்று கேட்கும். முழுக்கக் கட்டியது. பிரெஞ்சின் 'த்ரிஃபூயி-லே-ஸ்வா'வும் அப்படியே: கிண்டிக் கிளறுவதை நினைவூட்டும் ஒரு வினைச்சொல், வாலில் வாத்துக் கூட்டம்.

ரஷ்யரின் 'த்முதரகான்' எல்லாரையும் ஏமாற்றும். ரஷ்யக் காதுக்கு அதில் இருட்டும் கரப்பான்பூச்சியும் சேர்ந்து கேட்பதால் கட்டிய பெயர் என்றே தோன்றும். ஆனால் கருங்கடலோரம் தமான் தீபகற்பத்தில் இருந்த நிஜமான இடைக்காலச் சிற்றரசு அது. 1792இல் அங்கே ஒரு பளிங்குக் கல் கிடைத்தது. 1068இல் இளவரசர் க்ளேப், உறைந்த கடலின் மேல் த்முதரகானிலிருந்து எதிர்க்கரைவரை அளந்து 14,000 சாழென் (பழைய ரஷ்ய நீள அளவு) கண்டார் என்று அதில் வெட்டியிருக்கிறது. எங்கே என்றே தெரியாத இடம் என்பதற்கு ரஷ்யர் சொல்லும் ஊருக்கு அளவுக்கல்லே இருக்கிறது.

தென்னாப்பிரிக்காவின் வட கேப் பகுதியில் 'புட்ஸோண்டர்வாட்டர்' என்று ஒரு பழைய ரயில் நிலைய ஊர் உண்டு. ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் 'தண்ணியில்லாக் கிணறு'. பேச்சில் நம் தண்ணியில்லாக் காட்டின் இடத்தில்தான் நிற்கிறது.

நாவலுக்கு ஒரு குக்கிராமத்துப் பெயர் கட்ட வேண்டும். நம்பும்படி இருக்க என்ன செய்யலாம்?

பின்னொட்டிலிருந்து தொடங்குங்கள். தமிழ்நாட்டில் பின்னொட்டே பாதி முகவரி. பட்டி என்றால் மதுரை, தேனி, திண்டுக்கல், கரிசல் பக்கம். வலசு, பாளையம் என்றால் கொங்கு. விளை என்றால் குமரி. பாக்கம் என்றால் சென்னை, செங்கல்பட்டுப் பக்கம். ஏந்தல் என்றால் சிவகங்கை, ராமநாதபுரம் நினைவுக்கு வரும். விதிவிலக்குகள் இருக்கின்றன; ஆனாலும் வாசகர் மனதில் ஓடும் வரைபடம் இதுதான்.

பலர் சறுக்குவது மங்கலத்தில். சதுர்வேதிமங்கலம் என்பது அந்தணர்களுக்கு அரசர் கொடுத்த ஊர்; பெரும்பாலும் பாசன வசதியுள்ள நல்ல நிலம். கள்ளி மட்டுமே முளைக்கும் ஊருக்கு மங்கலம் என்று வைத்தால், ஏன் அப்படி என்று கதை பதில் சொல்ல வேண்டியிருக்கும். ஏந்தலும் தாங்கலும் நீர்நிலைப் பெயர்கள். வறண்ட ஊருக்கு வைக்கலாம், ஆனால் தூர்ந்துபோன குளம் ஒன்றை எங்கேயாவது ஓரமாகக் காட்டிவிடுங்கள்.

முன்பாதிக்கு மரம், ஆள், தொழில் மூன்றில் ஒன்றை எடுங்கள். சிரிப்புப் பெயர் ஆசை வேண்டாம். 'காக்காபட்டி', 'கழுதைப்பாளையம்' என்றால் முதல் பக்கத்திலேயே கேலிக்கதை என்று முடிவு கட்டிவிடுவார்கள். கட்டி முடித்ததும் வருவாய்க் கிராமப் பட்டியலில் ஒரு தடவை தேடிப் பாருங்கள். அநேகமாக அந்தப் பெயரில் நாலு ஊர் இருக்கும். கதையில் சாதிச் சண்டையோ கொலையோ வருமானால் முன்னால் ஒரு 'மேல' அல்லது 'சின்ன' சேர்த்து மறுபடி தேடுங்கள்.

'பட்டிதொட்டி' என்பதும் குக்கிராமம்தானே?

பொருள் அதுதான், ஆனால் தனியாக வராது. 'பட்டிதொட்டியெல்லாம் பரவியது' என்று 'எல்லாம்' பிடித்துக்கொண்டுதான் நடக்கும். 'மூலைமுடுக்கு' அதன் தம்பி. இரண்டும் தூரத்தைக் குறை சொல்வதில்லை. அவ்வளவு தூரமும் போய்ச் சேர்ந்தது என்று பெருமை பேசுபவை.

'போகாத ஊருக்கு வழி' என்பதையும் சிலர் இதோடு குழப்புகிறார்கள். அது காரியத்துக்கு உதவாத பேச்சு. அந்த ஊர் பக்கத்துத் தெருவாகவும் இருக்கலாம்.

'காத தூரம்' என்றால் எவ்வளவு?

நாலு கூப்பிடு ஒரு காதம் என்பது பழைய வாய்பாடு. காதத்தைச் சுமார் 10 மைல் என்று அகராதியில் காணலாம். கூப்பிட்டால் குரல் எட்டும் தொலைவே கூப்பிடு தூரம் என்று இன்றைய பேச்சு நினைக்கிறது. அந்தக் கணக்கில் ஒரு காதம் நாலு கத்தலில் முடிந்துவிடும். இரண்டையும் பெருக்கிப் பார்க்காமல் இருப்பது நல்லது. நாற்றத்துக்கும் ஓட்டத்துக்கும் காதம், பக்கத்து வீட்டுக்குக் கூப்பிடு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, உண்மையிலேயே எல்லாவற்றிலிருந்தும் தொலைவான இடம் எது?

கடலில் பாயின்ட் நெமோ. தென் பசிபிக்கில் இருக்கும் இந்தப் புள்ளியை 1992இல் கணினிக் கணக்கில் கண்டுபிடித்தார்கள். எந்தத் திசையில் போனாலும் நிலத்தைத் தொடக் குறைந்தது 2,688 கி.மீ. ஆகும். சுமார் 400 கி.மீ. உயரத்தில் விண்வெளி நிலையம் தலைக்கு மேல் கடக்கும்போது, பக்கத்து வீட்டுக்காரர்கள் அதில் இருப்பவர்கள்தான்.

ஆட்கள் குடியிருக்கும் இடம் என்றால் தென் அட்லாண்டிக்கின் ட்ரிஸ்டன் ட குன்யா. அடுத்த ஊரான செயின்ட் ஹெலினா சுமார் 2,400 கி.மீ. தள்ளி. விமானத் தளம் கிடையாது. கேப் டவுனிலிருந்து கப்பலில் ஏறக்குறைய ஒரு வாரம்.

ஒரு ஊர்க்காரர் முன்னால் இந்தச் சொற்களைச் சொன்னால் கோபித்துக்கொள்வார்களா?

பறவை, பேய் வகைக்குக் கோபம் வராது. உலகத்தின் பின்புறம் என்று பச்சையாகச் சொல்லும் தொடர்கள் ஜெர்மனிலும் பிரெஞ்சிலும் சகஜம். அந்த ஊர்க்காரரே தன் ஊரைப் பற்றிச் சொல்வார், விருந்தாளி சொல்லக் கூடாது. நிஜ ஊர்ப் பெயரைக் கேலிக்கு எடுப்பதில்தான் ஜாக்கிரதை வேண்டும்.

இதில் தப்பிப் பிழைத்த ஊர் ஜார்க்கண்டின் ஜும்ரி தலையா. அபிரக (மைக்கா) சுரங்க ஊர். இலங்கை வானொலிக்கும் விவித் பாரதிக்கும் பாட்டுக் கேட்டுக் கடிதம் எழுதித் தள்ளியதில், ஹிந்திக்காரர்கள் ஒரு காலத்தில் இப்படி ஓர் ஊர் இருக்காது என்றே நினைத்தார்கள். இன்றும் 'எங்கேயோ ஒரு சின்ன ஊர்' என்பதற்கு அந்தப் பெயரைச் சொல்கிறார்கள்.

மலையாளத்தில் இதற்கு என்ன சொல்வார்கள்?

'ஓணம் கேறா மூல.' ஓணம்கூட எட்டிப் பார்க்காத மூலை. சேர்த்து ஒரே சொல்லாகச் சொல்வார்கள். நிறுத்தி நிறுத்திச் சொன்னால் வெளியூர் என்று தெரிந்துவிடும்.